பண்டோரா வாசலில் நீல வெளிச்சம்: 'மிச்ச நாள்' டிக்கெட் வாங்கி ஏமாந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். டிஸ்னி வேர்ல்டுக்கு 'ரெண்டு நாள் மிச்சம் இருக்கு, பாதி விலைக்குத் தர்றேன்' என்று யார் டிக்கெட் விற்றாலும் வாங்காதீர்கள். கூட வேலை செய்பவர், ஊர்க்காரர், குழுவில் மாதக்கணக்காகப் பேசிப் பழகியவர், யாராக இருந்தாலும் சரி. நான் வாங்கினேன். 620 டாலர் போனது, அம்மா முன்னால் மானமும் போனது.

எப்படி ஏமாந்தேன் என்பதுதான் எனக்கே இன்னும் ஆறவில்லை. நான் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. விவரம் தெரிந்த திமிர்தான் கவிழ்த்தது.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. அட்லாண்டா, டல்லாஸ், நியூஜெர்சி என்று சிதறிக் கிடக்கிற அறிவியல் புனைகதைப் படப் பைத்தியங்கள் இருநூறு பேர். இதில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஃப்ளோரிடா டிஸ்னியில் அவதார் படத்தை வைத்துக் கட்டிய பண்டோரா என்ற பகுதி பெரிதா, ஸ்டார் வார்ஸை வைத்துக் கட்டிய கேலக்ஸிஸ் எட்ஜ் பகுதி பெரிதா? நான் பண்டோரா கட்சி. எதிர்க்கட்சி எப்போதும் ஒரே கேள்வியோடுதான் வரும்: "2009ல வந்த படம், உலகத்துலயே அதிக வசூல், சரி. ஹீரோ பேரைச் சொல்லு பார்ப்போம்." பாதிப் பேருக்கு வாயில் வராது. பண்டோராவை 2011ல் அறிவித்து, 2014ல் வேலை தொடங்கி, 2017 மே 27ல் திறந்தார்கள். அதற்குள் படத்தையே ஊர் மறந்துவிட்டது, மறந்த படத்துக்கு மலை கட்டியிருக்கிறார்கள் என்பார்கள். 2022ல் இரண்டாம் பாகம் வந்து 200 கோடி டாலருக்கு மேல் அள்ளிய பிறகுதான் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

எங்கள் பக்க வாதம் வேறு. பண்டோராவில் கதாபாத்திரம் யாரும் தேவையில்லை. படத்தில் வந்த சண்டையெல்லாம் முடிந்து ஒரு தலைமுறை கழித்து, நீங்கள் படத்தில் வந்த அந்த நிலவுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறீர்கள், அவ்வளவுதான் கதை. யாருக்கும் வேஷம் போட வேண்டியதில்லை. கேலக்ஸிஸ் எட்ஜில் முழு அளவு மில்லினியம் ஃபால்கன் விண்கப்பலையே நிறுத்தினார்கள், நிறுத்திவிட்டு என்ன செய்தார்கள்? எந்தப் படத்திலும் வராத பட்டூ என்று ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்து, காலத்தையும் கடைசி மூன்று படங்களுக்கு நடுவில் பூட்டிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த லூக் இல்லை, டார்த் வேடர் இல்லை. அதே உலகத்தை வைத்து விண்கப்பல் மாதிரி ஒரு ஹோட்டல் திறந்தார்கள், இரண்டு பேர் இரண்டு இரவு தங்க ஐயாயிரம் டாலரை ஒட்டி வரும். 2022 மார்ச்சில் திறந்தது 2023 செப்டம்பரில் மூடியாயிற்று. இதைச் சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். நான் அடிக்கடி சொல்வேன்.

இந்தச் சண்டைக்குள்தான் அவர் வந்தார். போன வருடம் ஜனவரி வாக்கில் குழுவில் சேர்ந்தார், சேர்ந்த மறுநாளே எங்கள் கட்சிக்கு ஒரு பீரங்கியை இறக்கினார். பண்டோரா இருக்கிற அனிமல் கிங்டம் பூங்கா 1998 ஏப்ரல் 22ல் திறந்தபோதே அதன் லோகோவில் ஒரு டிராகன் உருவம் இருந்ததாம். கற்பனை விலங்குகளுக்கென்று தனிப் பகுதி கட்டுவதாகத் திட்டம், பட்ஜெட் இடித்தது, கட்டவில்லை. அந்த இடத்தில் ஒப்புக்குப் போட்ட கேம்ப் மின்னி-மிக்கி என்ற பகுதி 2014 தொடக்கம் வரை ஓடியது, அதை எடுத்துவிட்டுத்தான் பண்டோரா. "ஆக, பண்டோரா வந்து ஒட்டிக்கொண்டது இல்லை தலைவா, பூங்கா பத்தொன்பது வருஷமா வெச்சிருந்த கடனைத் தீர்த்தது" என்று எழுதினார். இதெல்லாம் உண்மைதான், நான் சரிபார்த்தேன். அங்கேதான் தப்பு. அவர் சொன்ன டிராகனைச் சரிபார்த்தேன், அவரைச் சரிபார்க்கவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் நாங்கள் இருவரும் தோளோடு தோள் நின்று எதிர்க்கட்சியை அடித்தோம். பண்டோராவை வடிவமைத்த ஜோ ரோடியைப் பற்றி, அதாவது காதில் பெரிய வளையங்கள் தொங்குமே அவரைப் பற்றி, பக்கம் பக்கமாகப் பேசுவார். அதே பூங்காவில் எவரெஸ்ட் ரோலர்கோஸ்டர் ரயிலில் இருக்கிற ராட்சத யெட்டி (பனிமனிதன்) பொம்மை 2006ல் திறந்த கொஞ்ச நாளிலேயே கையை அசைப்பதை நிறுத்தியதையும், விளக்கை மின்ன விட்டு அதைச் சமாளிப்பதையும் நக்கலாக எழுதுவார். இவ்வளவு நேசிக்கிற ஒருத்தன் திருடனாக இருப்பானா என்று என் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஸ்கூல் லீவுக்கு ஆர்லாண்டோ போகலாம் என்று நான் குழுவில் சொன்ன அன்றே தனியாக மெசேஜ் வந்தது. "ப்ரோ, தங்கச்சி குடும்பம் ஊர்ல இருந்து வந்திருக்காங்க. நாலு பேருக்கும் அஞ்சு நாள் டிக்கெட். மூணு நாள்லயே முடியலன்னுட்டாங்க, ரெண்டு நாள் வீணாப் போகுது. வேற யாருக்காவது கொடுக்கறதுக்கு உங்களுக்கே கொடுத்துடறேன்." நாலு பேருக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்து 620 டாலர். தலைக்கு ஒரு நாளுக்கு 80 கூட வரவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமைக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் காலாவதி. அந்தக் கெடு நம்பும்படியாகத்தான் இருந்தது, ஐந்து நாள் டிக்கெட்டை எட்டு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது நிஜமான விதி. அதனால் யோசிக்க நேரமில்லை. அதுதான் அவருக்கும் வேண்டியிருந்தது.

வாசலில் விரல் ரேகை பார்ப்பார்களே என்று கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. "அதெல்லாம் கோவிட்ல நிறுத்திட்டாங்க ப்ரோ" என்றார். 2020ல் நிறுத்தியது உண்மை. அடுத்த வருடமே மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. முழுப் பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்திருப்பேன். டிக்கெட் எண்ணை அனுப்புங்கள், டிஸ்னி ஆப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றதற்கு, "ஏற்கெனவே தங்கச்சி ஆப்ல இருக்கு ப்ரோ, ரெண்டு இடத்துல ஏறாது, கார்டையே வாங்கிக்கோங்க" என்றார். பணத்தை ஜெல் (Zelle) என்கிற, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை வழியாக, நண்பருக்கு அனுப்புவது போல அனுப்பினேன்.

அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் ஓட்டி, கிஸ்ஸிமீயில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் காத்திருந்தோம். 'தம்பி' என்று ஒரு பையன் காரை அணைக்காமலே கண்ணாடியை இறக்கி ஒரு கவரை நீட்டிவிட்டுப் போனான். உள்ளே நாலு பிளாஸ்டிக் கார்டு. என் மகன் தன் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல வேற யார் பேரோ எழுதி அழிச்சிருக்கு" என்றான். மார்க்கரில் எழுதி, எச்சில் தொட்டுத் தேய்த்த மாதிரி ஒரு கறை. "அது அந்த அத்தை வீட்டுப் பையன் பேருடா" என்று நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன். எந்த அத்தை?

காலையில் அனிமல் கிங்டம் வாசல். அம்மா எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார், வெளிச் சாப்பாட்டை விடுகிறார்கள், பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பினார்கள். அடுத்தது அந்தக் கம்பம். கார்டைத் தொட்டு, விரலை வைத்தால், சுற்றியிருக்கிற வளையம் பச்சையாக ஒளிர வேண்டும். எனக்கு நீலம். இன்னொரு முறை வைத்தேன், நீலம். மனைவிக்கும் நீலம். அம்மா, ஊரில் ரேஷன் கடை மிஷினில் வைத்துப் பழகிய கை, அழுத்தினால் விழும் என்று பெருவிரலை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே நின்றார். பின்னால் வரிசை பக்கத்துக் கம்பத்துக்கு நகரத் தொடங்கியது. கையில் டேப்லெட்டோடு ஒரு வயதான பெண்மணி வந்தார், பார்த்தார், எங்கே வாங்கினீர்கள் என்று ரொம்பவே மெதுவான குரலில் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

பக்கத்தில் இருந்த அலுவலக ஜன்னலில் முக்கால் மணி நேரம். நாலு கார்டில் இரண்டில் நாளே மிச்சமில்லை. மற்ற இரண்டு போன வாரமே காலாவதி. அதாவது தங்கச்சியும் இல்லை, மிச்சமும் இல்லை. நாள் மிச்சம் இருந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள், முதல் தடவை நுழைந்தவரின் விரலோடு டிக்கெட் கட்டப்பட்டுவிடுகிறது, கைமாற்றக் கூடாது என்று கார்டின் பின்னாலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஒரு தடவை உபயோகித்த பல நாள் டிக்கெட்டை விற்பது ஃப்ளோரிடா சட்டப்படியே குற்றம் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"திருப்பதியில புரோக்கர்கிட்ட தரிசன டிக்கெட் வாங்கி ஏமாந்தாரே உங்க மாமா, அவரை என்ன பேச்சு பேசின நீ" என்றார் அம்மா. அதோடு விட்டார். அன்று முழுக்க அதை மறுபடி எடுக்கவில்லை, அது இன்னும் மோசம்.

ஏழு மணி நேரம் ஓட்டி வந்து திரும்பவா முடியும்? வாசலிலேயே நாலு ஒரு நாள் டிக்கெட் வாங்கினேன், வரியோடு 650ஐத் தாண்டியது. இரண்டாம் நாள் டிஸ்னியின் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டுடியோஸ் போய்க் கேலக்ஸிஸ் எட்ஜைப் பார்ப்பதாக இருந்த திட்டம் அங்கேயே முடிந்தது.

உள்ளே போகும்போது பத்தரை. பண்டோராவில் பறவை மேல் பறப்பது போன்ற ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் சவாரியின் வரிசைக்கு 145 நிமிடம் என்று பலகை காட்டியது. காலையில் சரியான நேரத்துக்கு நுழைந்திருந்தால் பாதிக்குப் பாதி குறைந்திருக்கும். மனைவியும் மகனும் நின்றார்கள். பைக்கில் உட்காருவது போல உட்கார்ந்தால் தொடைக்குக் கீழே அந்தப் பறவை மூச்சுவிடுவது தெரியும், மகன் இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் அம்மாவோடு நாவி நதிப் படகில் போனேன். கடைசியில் பாடுகிற அந்தப் பூசாரி அம்மாள் உருவம் கையை அசைக்கிற நேர்த்தியைப் பார்த்து அம்மா அசந்துவிட்டார். இறங்கியதும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு அம்பது நிமிஷம் நிக்கணுமா?" என்றார். எதிர்க்கட்சி எட்டு வருடமாகச் சொல்வதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். ராத்திரியில் செடியும் தரையும் ஒளிரும், அதுதான் பண்டோராவின் உயிர் என்று நான் பிடித்து வைத்திருந்தேன், ஏப்ரலில் இருட்டுவதற்கே ஏழே முக்கால் ஆகிறது, பூங்காவை எட்டுக்கு மூடிவிட்டார்கள்.

அவருக்கு வாசலிலிருந்தே மெசேஜ் போட்டேன். இரண்டு டிக்கும் நீலமானது (அதுவும் நீலம்), பத்து நிமிடத்தில் போட்டோ மறைந்தது, சாயங்காலம் குழுவிலிருந்தும் காணோம். வங்கியில் கேட்டால், நீங்களாக விரும்பி அனுப்பிய பணம், திரும்ப எடுக்க வழியில்லை என்றார்கள். நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் எஃப்டிசி தளத்திலும், இணையக் குற்றங்களுக்கான எஃப்பிஐயின் ஐசி3 தளத்திலும் புகார் பதிந்தேன். புகார் எண் கிடைத்தது.

போகப்போகிறவர்கள் ஒன்றே ஒன்று பாருங்கள்: பணம் தரும் முன் டிக்கெட் எண் உங்கள் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் (அதுதான் டிஸ்னி ஆப்) கணக்கில், உங்கள் பெயரில் ஏறுகிறதா? ஏறவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக். வரிசை தாண்டும் லைட்னிங் லேன் வாங்குவதற்கும் ஆப்பில் செல்லுபடியாகும் டிக்கெட் இருக்க வேண்டும், அதனால் 'டிக்கெட்டும் பாஸும் சேர்த்துத் தர்றேன், ஆப்ல காட்டாது' என்பதும் கதைதான். சாலையோரக் கடைகளில் மலிவாகத் தருகிற டிக்கெட் நிஜமாகவே இருந்தாலும், பெரும்பாலும் டைம்ஷேர், அதாவது விடுமுறை வீட்டில் பங்கு விற்கிற கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். அந்த அரை நாளையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் இப்போது என் நிலைமை பரிதாபம். கலிஃபோர்னியா டிஸ்னியிலும் அவதார் பகுதி வரப்போவதாக 2024ல் உறுதி செய்ததிலிருந்து சண்டை புதிதாகச் சூடுபிடித்திருக்கிறது, நான் வாயைத் திறந்தால் "நீ இன்னொன்னைப் பார்க்கவே இல்லையே, பார்த்துட்டு வந்து பேசு" என்று அடக்கிவிடுகிறார்கள். மாமா மகன் ஒருவன், அவனுக்கு விஷயம் தெரியாது, டல்லாஸ்காரர்களின் வேறொரு ரசிகர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டான். நேற்று அதில் ஒருவர், வேறு பெயர், வேறு போட்டோ, 1998 லோகோவில் இருந்த டிராகனைப் பற்றி எழுதியிருந்தார். "பூங்கா பத்தொன்பது வருஷமா வெச்சிருந்த கடனைத் தீர்த்தது தலைவா." அதற்குக் கீழே யாரோ, "அண்ணா, ஜூன்ல போறோம், டிக்கெட் எங்கே மலிவு?" என்று கேட்டிருந்தார்.

இந்தக் கதையை அங்கே சுருக்கமாகப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். குழுவின் அட்மின் அவர்தான்.