பி ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம்

சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி – கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டம் என்றால், பி ஸ்டாண்டில் டிக்கெட் எடுங்கள். மேளம் அடித்து, நின்றபடியே கத்தும் ரசிகர்கள் அங்கேதான். உட்கார்ந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் வேறு பக்கம் போய்விடுவது நல்லது. 2015, 2018-ல் சென்னை வென்ற லீக் கோப்பைகளுக்குப் பிறகு அணி எப்படியோ, இவர்கள் குரல் இறங்கவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் எதிர்ப்பக்க கோல் ரொம்பத் தூரம். ஓடுகிற விதத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மஞ்சள் சட்டை போட்ட கேரளா ரசிகர்களும் பெருங்கூட்டமாக வருவார்கள். பாட்டுக்கு எதிர்ப்பாட்டு, கிண்டல், எல்லாம் ரசிக்கலாம். என் பின்னால் நின்றவர் மட்டும் லைன்ஸ்மேனின் (கோட்டோர நடுவரின்) அம்மாவைத் திட்டுவதை விடவே இல்லை. "தம்பி, பக்கத்துல குழந்தை இருக்கு" என்று ஒரு அக்கா திரும்பிச் சொன்னதும் அடங்கினார், அடுத்த ஆஃப்சைடு வரைக்கும். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்தான், வண்டி வேண்டாம்.