லாக் புக்கா, ஓவர்ஹாலா?

வேலூரிலிருந்து கடலுக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பாலாற்றிலும் பெரும்பாலும் மணல்தான். ஆனாலும் கப்பல்காரர்களின் பேச்சு இங்கே தினமும் அடிபடுகிறது. அப்படிக் கரையேறிய இரண்டு சொற்கள் ஓவர்ஹாலும் லாக் புக்கும்; பழைய கப்பல் வேலையை இன்னும் விடாதது எது என்பதுதான் கேள்வி.

லாரிப் பட்டறையில் கேட்பது 'ஓவர்ஹால்'. சிலர் வாயில் அது 'ஓவராயில்'; கிரீஸ் படிந்த இடத்துக்கு அதுவும் பொருத்தம்தான். கப்பலில் இது கயிற்று வேலை. கப்பிகளில் இறுகிய கயிற்றை எதிர்ப்பக்கம் இழுத்துத் தளர்த்துவது. பிறகு பிரித்துப் பார்த்துச் சரிசெய்வது என்றானது. இன்று இன்ஜினைக் கழற்றிப் போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் கயிறும் இல்லை, கப்பியும் இல்லை.

லாக் புக் கதை வேறு. லாக் என்றால் மரக்கட்டை. அதைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கை நழுவுகிறதோ, அதுதான் கப்பலின் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' (முடிச்சு) கணக்கில் சொல்வது அதனால்தான். அந்தக் கணக்கை எழுதிய நோட்டே லாக் புக்.

அரசு ஜீப் ஓட்டுநர் 'காட்பாடி – ராணிப்பேட்டை' என்று எழுதி, புறப்பட்டபோதும் சேர்ந்தபோதும் மீட்டர் எத்தனை என்று குறிக்கிறார். கட்டை போனாலும் வேலை மாறவில்லை. என் ஓட்டு லாக் புக்குக்கே. கம்ப்யூட்டரில் 'லாகின்' செய்வதும் அதன் வாரிசுதான், கொஞ்சம் தூரத்துச் சொந்தம்.