ரீஃபண்ட் 700 டாலர் குறைந்ததற்குக் கடைமேல் குற்றமில்லை; ஆனாலும் மூன்று ஸ்டார்தான்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வரிக் கணக்கு (ரிட்டர்ன்) போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன டாக்ஸ் ஆபீஸ். மளிகைக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில், ஜனவரி பிறந்தால் மட்டும் நாற்காலி போதாமல் போகிற இடம். பெயர் வேண்டாம். நாலு வருஷமாக அங்கேதான் போகிறோம். 2021-க்கான ரிட்டர்னையும் 2022 பிப்ரவரியில் அங்கேதான் போட்டோம்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு 7, பையனுக்கு 3, இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். 2021-க்கு மட்டும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டை, அதாவது பிள்ளைகளுக்காக வரியில் கழித்துத் தரும் தொகையை, ஏற்றினார்கள்: 6 வயதுக்குக் கீழே 3,600 டாலர், 6 முதல் 17 வரை 3,000. ஆக எங்கள் பங்கு 6,600. அதில் பாதியை ஜூலை 15-லிருந்து டிசம்பர் வரை முன்பணமாக மாதாமாதம் அக்கவுண்டில் போட்டுவிட்டார்கள். பையனுக்கு 300, பெண்ணுக்கு 250, மாதம் 550. முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து டேகேர் பில்லுக்குள் போய் இருந்த இடம் தெரியவில்லை.

இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்தது புதுசாகச் சேர்ந்த ஒரு தம்பி. நம் ஊர்ப் பையன், மரியாதையாக அக்கா என்றுதான் கூப்பிட்டான். டைப்பிங் வேகம் பிரமாதம். வரித் துறையான ஐ.ஆர்.எஸ். முன்பணக் கணக்கைச் சொல்லி அனுப்பிய 6419 லெட்டரைக் கேட்டான், என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். அதில் 1,650 என்று இருந்தது. கிரெடிட்டைக் கணக்கிடும் ஷெட்யூல் 8812 படிவத்தில் முன்பணம் 1,650 என்று போட்டான். மீதி கிரெடிட் 4,950 என்று திரையில் வந்தது. போன வருஷம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 4,000 வந்திருந்தது, அதைவிட 950 கூடுதல். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அங்கேயே டிவி வாங்கிவிட்டார்.

எனக்குத்தான் உறுத்தியது. போனில் பேங்க் ஆப்பைத் திறந்து காட்டினேன். 550 என்று ஆறு முறை வந்திருக்கிறது, 3,300 ஆகிறதே, பாதிதானே போட்டிருக்கிறீர்கள் தம்பி என்றேன். "லெட்டர்ல இருக்கறதத்தான் போடணும்க்கா" என்றான். இதற்குத்தான் ஒரு ஸ்டாரைக் குறைத்தேன். தெரியாமல் இருப்பது தப்பில்லை, பக்கத்து மேஜையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பக்கத்து மேஜையில் இருந்தது கடையின் ஓனர் அம்மா, குஜராத்திக்காரர். நாங்கள் பேசியது காதில் விழுந்து அவரே திரும்பினார். கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் செய்தால் பணம் ஒரே அக்கவுண்டில் மொத்தமாக வந்தாலும், லெட்டர் இருவர் பெயரிலும் தனித்தனியாக, பாதிப் பாதித் தொகையோடு வருமாம். இரண்டையும் கூட்டித்தான் போட வேண்டும். 1,650 மட்டும் போட்டு அனுப்பியிருந்தால், ஐ.ஆர்.எஸ். தன் பதிவோடு ஒத்துப் பார்த்து ரிட்டர்னை நிறுத்தி வைத்து, அதிகம் கேட்ட 1,650-ஐக் கழித்துக்கொண்டு, பாக்கியைத் தாமதமாக அனுப்பியிருக்கும். லெட்டர் தொலைந்திருந்தால் ஐ.ஆர்.எஸ். தளத்தில் அவரவர் அக்கவுண்டிலேயே தொகையைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடினால், என் பெயர் போட்ட கவர் சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களுக்கு நடுவில் பிரிக்காமல் கிடந்தது. அதிலும் 1,650.

மறுபடி போய்த் திருத்திய பிறகு கிரெடிட்டில் மீதி 3,300. போன வருஷத்தைவிட 700 குறைவு. சம்பளமும் பிடித்தமும் ஏறக்குறைய அதேதான், அதனால் ரீஃபண்டிலும் அந்த 700 அப்படியே விழுந்தது. "கிரெடிட்டை ஏத்தினோம்னு சொல்லிட்டு ரீஃபண்டைக் குறைச்சிட்டாங்க, வேற கடைக்குப் போயிருக்கணும்" என்று கார் முழுக்க இவர் புலம்பல். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே பலர் டாக்ஸ் ஆபீஸ்களைத் திட்டுகிறார்கள். போன வருஷம் 4,000, இந்த வருஷம் 6,600. நம் கைக்கு 2,600 அதிகம்தான் வந்திருக்கிறது. பாதி முன்னாலேயே வந்து டேகேருக்குப் போய்விட்டது. அந்த முன்பணம் வருமானமும் இல்லை, அதற்கு வரியும் கிடையாது.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பதிக்கு ஆகஸ்டில் முதல் குழந்தை பிறந்ததாம். முன்பணத்தை 2020 ரிட்டர்னை வைத்துக் கணக்குப் போட்டதால் அவர்களுக்கு மாதப் பணமே வரவில்லை, இப்போது முழு 3,600-ம் ரீஃபண்டோடு வரும். அவர்களைப் பார்த்து இவர் விட்ட பெருமூச்சு தனிக் கதை.

மற்றபடி குறை சொல்ல அதிகமில்லை. பிள்ளைகள் வருஷத்தில் பாதிக்கு மேல் எங்களோடுதான் இருந்தார்களா, அவர்களின் சோஷியல் செக்யூரிட்டி கார்டு எங்கே என்று எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஸ்டிமுலஸுக்கான (கொரோனா நிவாரணப் பணம்) 6475 லெட்டரையும் மறக்காமல் கேட்டார்கள். கட்டணம் 225 டாலர். இரண்டாவது முறை போனதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. இன்னொரு ஸ்டார் போனது காத்திருந்ததற்கு: அப்பாயின்ட்மென்ட் இருந்தும் இரண்டு முறையும் முக்கால் மணி நேரம்.

போகிறவர்கள் சனிக்கிழமை காலை போங்கள், ஓனர் அம்மாவே உட்காருவார். ஐ.ஆர்.எஸ். லெட்டர் இருவர் பெயரிலும் வந்திருந்தால் இரண்டு கவரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.