திரட்டி அறிவிப்பதா, நிபந்தனையோடு அறிவிப்பதா?

திருப்பூரில் எங்கள் நெட்வொர்க்குக்கு ஒரு /22, அதாவது நான்கு /24 (ஒவ்வொன்றும் 256 ஐபி முகவரிகள்) சேர்ந்த தொகுதி. அதை பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளுக்கான வழியை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை) மூலம் வெளியே அறிவிக்கிறோம். கோவை வழியாக ஒரு லைன், ஈரோடு வழியாக இன்னொன்று. நான்கு /24-களுக்கும் சேர்த்து ரவுட்டரில் 'அக்ரிகேட்-அட்ரஸ்' (திரட்டும் கட்டளை) கொடுத்து 'சம்மரி-ஒன்லி' (திரட்டியது மட்டும்) போட்டால் வெளியே ஒரே ரூட்தான் போகும், நாலு கட்டு பனியனை ஒரே மூட்டையாக அனுப்புகிற மாதிரி. மூன்று /24 விழுந்தாலும், ஒன்று பிஜிபி டேபிளில் இருக்கும்வரை அறிவிப்பு நிற்காது. விழுந்தவற்றுக்கு வரும் டிராஃபிக் நம் ரவுட்டரின் நல்0-வில் (வருவதையெல்லாம் தூக்கிப் போடும் போலி இன்டர்ஃபேஸ்) போய்ச் சாகும். இதை மறந்து ஒரு ராத்திரி முழுக்க லைன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிபந்தனை அறிவிப்பு வேறு வேலை. 'நான்-எக்ஸிஸ்ட்-மேப்'பில் (எந்த ரூட் இல்லாமல் போகிறது என்று கவனிக்கச் சொல்லும் அமைப்பு) சொன்ன ரூட் காணாமல் போனால்தான் ஈரோடு லைனில் அறிவிப்பு கிளம்பும். அந்த ரூட் கோவைப் பக்கமிருந்து மட்டுமே வரவேண்டும். ஈரோட்டிலிருந்தும் வந்தால், கோவை விழுந்தாலும் அது காணாமல் போகாது, அறிவிப்பும் கிளம்பாது; கதை முடிந்தது. ஈரோடு சும்மா காத்திருக்கிற பேக்கப் என்றால் சரி, இது. இரண்டும் ஓடுகிற லைன் என்றால் நான் அக்ரிகேட்டோடு நிறுத்திக்கொள்வேன்.