நீச்சல் குளம் மெயின்டனன்ஸ்னு வர்ற ஆளுங்ககிட்ட உஷார் மக்களே (காட்பாடி, குடியாத்தம் பக்கம்)

கே.வி.குப்பம் பக்கம் மாந்தோப்புல என் மச்சான் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டி லீவு நாள்ல ஃபேமிலிங்களுக்கு வாடகைக்கு விடுறாரு. அதைப் பாத்துக்க மாசக் காசு பேசி ஒரு ஆள வெச்சாரு, அந்தாளு பண்ண வேலையத்தான் சொல்ல வந்தேன். பேரு வேணாம், ஆனா ஏலகிரி வரைக்கும் ரிசார்ட்டுங்களுக்கு அவன்தான் போறானாம், அவனே சொல்லிக்கிறான்.

பில்லுல போட்டது 90 சதவீத டிசிசிஏ (நீச்சல் குளத்துக்குன்னே போடுற ஸ்ட்ராங்கான குளோரின் மருந்து), டிரம்முல இருந்தது சாதா பிளீச்சிங் பவுடர், காவாய் ஓரமா தூவுறாங்களே அதே ஐட்டம். சந்தேகப்பட்டு ஒரு பக்கெட் தண்ணில கரைச்சு வெச்சோம், அடியில சுண்ணாம்பா நின்னுச்சு. புதுசா இருக்கும்போதே அதுல குளோரின் 30-35 சதவீதம்தான், வேலூர் வெயில்ல மூடாம கெடந்தா அதுவும் இறங்கிடும், தண்ணியோட பி.எச். (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) மட்டும் ஏறும். பி.எச். 8 தொட்டா போட்ட குளோரின்ல முக்கால்வாசி சும்மா கெடக்கும், கிருமிய கொல்லாது. 7.2ல இருந்து 7.8க்குள்ள வெச்சுக்கணும். ஏற்கனவே நம்ம போர் தண்ணி உப்பு, இதுவும் சேந்து டைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளையா பூத்துடுச்சு.

ஆனா தண்ணி மட்டும் பளபளன்னு நீலமா இருக்கும், வர்றவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க. எல்லாம் மயில் துத்தம் (காப்பர் சல்ஃபேட், அதாவது செம்பு உப்பு)! பாசி வராது, ஆனா கிருமிக்கு அத நம்ப முடியாது. தினமும் காலைல அதுல குளிக்கிற என் மாமனாருக்கு அந்த செம்பு படிஞ்சு வெள்ளை முடி லேசா பச்சையாவ ஆரம்பிச்சுது, அவரு ஷாம்பூ கம்பெனிய திட்டினு இருந்தாரு.

புள்ளைங்க கண்ணு எரியுதுன்னு அழுதுச்சுங்க, கேட்டா "குளோரின் ஜாஸ்தி சார், அதான் சுத்தம், ஒண்ணியும் ஆவாது"ன்னான். பொய்ங்க அது. வேர்வை, மூத்திரத்தோட குளோரின் சேந்து ஆவுற குளோரமின்தான் பெரும்பாலும் கண்ண எரிய வைக்கும், மூக்குல ஏறுற அந்த நாத்தமும் அதான். மஞ்சள் கலர் வர்ற சொட்டு மருந்து போட்டு 'பாருங்க குளோரின் இருக்குது'ன்னு காட்டுவான், அது இந்த செத்த குளோரினையும் சேத்து காட்டும். ரோஸ் கலர் வர்ற டிபிடி டெஸ்ட் வாங்கிப் பண்ணோம், ரோஸே வரல, அப்படின்னா கிருமிய கொல்ற ஃப்ரீ குளோரின் தண்ணில இல்லன்னு அர்த்தம். அது 1ல இருந்து 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தினி மில்லிகிராம்) இருக்கணும்ங்க.

இதெல்லாம் கூட காசு போச்சுன்னு விட்டுடலாம், எனக்கு வயிறு எரிஞ்சது பம்ப் ரூம பாத்துதான். ஆசிட் கேனு பக்கத்துலயே மூடாத டிரம்மு, ரெண்டுத்துக்கும் ஒரே மக்கு, அத எடுத்து ஊத்துன்னு வாட்ச்மேன் தாத்தாகிட்ட சொல்லிட்டு அவன் பைக்ல கெளம்பிடுவான். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒண்ணா பட்டா குளோரின் கேஸ், அந்த சின்ன ரூம்ல அவரு மயங்கி விழுந்தா கேக்க நாதியில்ல. நெஜ டிசிசிஏவும் பிளீச்சிங் பவுடரும் கலந்தா கூட தீப்பிடிக்கும், அதனால மக்கு, டிரம்மு எல்லாம் தனித்தனியா இருக்கான்னு போயி பாருங்க. சீல் உடைக்காத டிரம்ம உங்க கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லுங்க, டெஸ்டும் உங்க எதிர்ல பண்ணச் சொல்லுங்க, மழுப்புனான்னா அப்பவே அனுப்பிடுங்க.

நாங்க நிறுத்திட்டோம். இப்ப போன மாச பாக்கி குடுங்கன்னு மச்சானுக்கு போன் மேல போன் போட்டுனு இருக்கான்.