ஞாயிற்றுக்கிழமை குடோனைத் திறந்தது யார்? டேட்டா வேர்ஹவுஸை கிளவுடுக்கு மாற்றப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றில் ரிப்போர்ட்டிங் வேலை எனக்கு. பல வருடமாக ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடிய எங்கள் டேட்டா வேர்ஹவுஸை (ரிப்போர்ட்டுக்காக எல்லாத் தரவையும் சேர்த்துவைக்கும் கிடங்கு) ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் சேவைக்கு மாற்றும் வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெயர் வேண்டாம். பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள் பழுத்த சீனியர்கள். வேலைக்கு வந்ததோ ஆரக்கிளையே அப்போதுதான் பார்க்கிற பிள்ளைகள்.

வேலை முடிந்ததென்று ஓர் எக்செல் தாளை நீட்டினார்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் பழையதில் எத்தனை வரி, புதியதில் எத்தனை வரி, எதிரே 'மேட்ச்'. தாள் முழுக்கப் பச்சை. மொத்த விற்பனைத் தொகையும் பைசா பிசகாமல் ஒத்துப்போனது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

நான்காம் நாள் குடோன் மேனேஜர் போன் செய்தார். "சார், ஞாயித்துக்கிழமை நம்ம குடோன் பூட்டு. உங்க ரிப்போர்ட்ல அன்னைக்கு முப்பத்தெட்டு லட்சம் பில்லிங் காட்டுது. யாரு சார் திறந்தது?"

தோண்டிப் பார்த்ததில் கிடைத்தது இது. ஆரக்கிளில் டேட் என்ற தரவு வகை என்றால் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் சேர்ந்தே இருக்கும். ஸ்னோஃப்ளேக்கில் டேட் என்றால் வெறும் தேதிதான். இவர்களுடைய டூல் கண்ணை மூடிக்கொண்டு டேட்டை டேட்டாகவே மாற்றியிருக்கிறது. எல்லா பில்லும் நள்ளிரவு 12 மணிக்குப் போட்டதாக ஆகிவிட்டது. எங்களுக்கு லாரி லோடிங் விடியற்காலை வரை போகும், அதனால் வியாபார நாள் காலை 6 மணிக்குத்தான் முடியும். ரிப்போர்ட்டில் பில் நேரத்திலிருந்து 6 மணி நேரத்தைக் கழித்துத்தான் நாளைக் கணக்கிடுவோம். நள்ளிரவில் 6 மணி நேரம் கழித்தால் முந்தின நாள் மாலை! திங்கட்கிழமை விற்பனை முழுவதும் ஞாயிறில் போய் உட்கார்ந்திருந்தது; ஒன்றாம் தேதி வியாபாரம் போன மாதத்தில். ஒரு வரிகூடக் குறையவில்லை, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தால் இது எப்படித் தெரியும்?

கேட்டதற்கு, "டைம் பார்ட் வேணும்னு ரிக்வயர்மென்ட்ல இல்லையே சார்" என்றார்கள். சரிசெய்ய சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனிக் கட்டணம். இதே ஆட்கள்தான் பழைய சர்வரை உடனே அணைத்தால் சப்போர்ட் பணம் மிச்சம் என்று தினமும் நச்சரித்தவர்கள். டேட்டாபேஸைப் பராமரிக்கும் எங்கள் டிபிஏ அண்ணன் "மூணு மாசம் போகட்டும்" என்று அசையவே இல்லை. அவர் புண்ணியத்தில் மூலத் தரவு பிழைத்தது. ஆரக்கிளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி இழுத்து, நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப் வகையாக ஏற்றினோம்.

அப்புறம் ஸ்னோஃப்ளேக் நமக்குப் போடும் பில். ஸ்னோஃப்ளேக்கில் கணக்குப் போடும் எந்திரத்துக்கும் வேர்ஹவுஸ் என்றே பெயர். லார்ஜ் அளவு மணிக்கு 8 கிரெடிட் (ஸ்னோஃப்ளேக் காசு வாங்கும் அலகு), எக்ஸ்ட்ரா ஸ்மால் 1 கிரெடிட். வேலை இல்லாமல் 600 நொடி இருந்தால்தான் தூங்கும் என்பது அதன் இயல்பான அமைப்பு. ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். இவர்கள் லார்ஜைப் போட்டு, 600ஐத் தொடாமல் விட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் டாஷ்போர்டையும் மாட்டிவிட்டார்கள். எங்கே தூங்கும்? நாளைக்கு 192 கிரெடிட். செலவுக்கு வரம்பு கட்டும் ரிசோர்ஸ் மானிட்டரும் வைக்கவில்லை. மென்பொருள் மேல் குற்றமில்லை, ஆவணத்தில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.

இன்னொன்று: ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள்களில் பிரைமரி கீ (ஒரே வரி இரண்டு முறை ஏறாமல் காக்கும் அடையாளம்) பெயரளவுக்குத்தான். பாதியில் நின்ற லோடைத் திரும்ப ஓட்டினால் ஆரக்கிள் முகத்தில் அறைந்து நிறுத்தும். இங்கே ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை சத்தமில்லாமல் ஏறியது.

நீங்கள் கையெழுத்துப் போடுமுன் நாள்வாரியாக, கிளைவாரியாகத் தொகை கேளுங்கள். விடுமுறை நாள் ஒன்றை எடுத்துப் பூஜ்யம் வருகிறதா பாருங்கள். ஸ்னோஃப்ளேக் கணக்கின் முழு அதிகாரமான அக்கவுன்ட் அட்மின் உரிமை முதல் நாளே உங்கள் ஆள் கையில் இருக்கட்டும். எங்களுடையது அவர்கள் மெயில் முகவரியில் கிடந்தது, வாங்கி முடிக்க ஒன்பது நாள் ஆனது.

கடைசித் தவணையை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. வாரம் தவறாமல் நினைவூட்டி மெயில் வருகிறது, அந்தப் பச்சைத் தாளையும் இணைத்து.