மூன்று வருடக் கஞ்சி, நாளுக்கு நாற்பது அட்டை

மியன்மாரின் யாங்கோனில் ஓடும் டாக்சிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் ஒருமுறை ஓடி முடித்தவை. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். ஓட்டுநர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம், மழை கொட்டிய ஒரு மாலையில், பின்னிருக்கையில் இருந்தபோது அந்தக் குரல் சொன்னது முழுதாகப் புரிந்துவிட்டது. "இடிசி கார்டு செருகப்படவில்லை." ஜப்பானிய நெடுஞ்சாலைகளில் சுங்கம் கட்டுவதற்கான கார்டு அது. அந்தச் சாலைகளை விட்டுக் கப்பலேறி வந்து எத்தனை வருடம் ஆனதோ, அந்த அம்மாள் இன்னும் கார்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சிரித்ததைப் பார்த்து ஓட்டுநர் என்னவென்று கேட்டார். சொன்னேன். "வணக்கம் சொல்கிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்" என்றார்.

மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஊக்கத்தில் பாதி இப்படித் தெருவில் கிடைத்ததுதான். மீதிப் பாதியைப் பற்றிச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்தியது ஆன்கி என்ற செயலி. ஜப்பானிய மொழியில் ஆன்கி என்றால் மனப்பாடம். கணினியிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசம். ஐபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பொருளும் ஒலியும் கொண்ட அட்டைகள். நினைவிருந்தால் அந்த அட்டை பல நாள் கழித்து வரும். மறந்துவிட்டால் உடனே திரும்பி வரும். அவ்வளவுதான் அதன் சூத்திரம்.

அதற்கு முன், தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு நற்செய்தி. இலக்கணத்துக்காக அஞ்ச வேண்டாம். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'தாபேதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வை. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தே கிமாசு' என்கிறார். அது சொல்லுக்குச் சொல் நம்முடைய 'போய் வருகிறேன்'. அகரவரிசைகூட உயிரெழுத்துகளுக்குப் பின் க, ச, த, ந என்றுதான் போகிறது. பௌத்தத்தோடு போன இந்திய எழுத்துமுறையின் வரிசை அது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, பாடம் நடத்துகிறவர் கால் மணி நேரம் விளக்கிய 'தே மிரு'வை நான் கால் நிமிடத்தில் தாண்டினேன்.

இலக்கணத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வட்டியோடு பிடுங்கிக்கொண்டது கஞ்சி. சீன எழுத்துகளுக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயரே அதுதான். நான் என்ன செய்ய? எங்கள் அப்பாயி மூன்று வருடமாக "இன்றைக்குக் கஞ்சி முடிந்ததா?" என்றுதான் கேட்கிறார். அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 எழுத்துகள். அங்கே முதல் வகுப்புப் பிள்ளைக்கு வருடம் முழுவதற்கும் 80 எழுத்துதான். நானோ முதல் மாதத்திலேயே 300 என்று கணக்குப் போட்டேன். பல்கலைக்கழகம் பக்கம் ஒரு தனியார் வகுப்பில் பணம் கட்டியும் சேர்ந்தேன். "ஒவ்வொன்றையும் நூறு முறை எழுதுங்கள்" என்பதற்கு மேல் அங்கே வழி சொல்லவில்லை. நான்கு நோட்டு தீர்ந்தது, எழுத்து மனதில் நிற்கவில்லை.

நின்றது எப்படி என்றால், கோயிலால். ஜப்பானிய எழுத்துகளில் கோயிலைக் குறிப்பது ஒன்று உண்டு, 'தெரா'. மேலே மண், கீழே அளவுகோல் போன்ற ஒரு துண்டு. இதன் இடப்பக்கம் சூரியனை வைத்தால் நேரம். கையை வைத்தால் பிடித்திருத்தல். நடையைக் குறிக்கும் கோடுகளை வைத்தால் காத்திருத்தல். மாட்டை வைத்தால் சிறப்பு. சொல்லை வைத்தால் கவிதை. பிடித்தலுக்கு 'மோத்சு', காத்திருத்தலுக்கு 'மாத்சு'. ஒலியும் ஒன்றுபோல, உருவமும் ஒன்றுபோல. நாற்பது தடவையாவது மாற்றிப் படித்திருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை அனோரதா சாலைக் காளி கோயிலில் வரிசையில் நின்றபோது எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. வெயில் ஏறினால் உச்சிகாலப் பூசை: நேரம். கையில் அர்ச்சனைத் தட்டு: பிடித்திருத்தல். வாசல் வரை நீண்ட வரிசை: காத்திருத்தல். கோபூசை என்றால் விசேஷ நாள்: சிறப்பு. உள்ளே ஒருவர் தேவாரம் பாடுகிறார்: கவிதை. அன்றைக்குப் பிறகு இந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைத் தொகுப்புகளில் நினைவுக்கதைகளும் உண்டு. எல்லாம் வேறு யாருடைய ஊரிலோ பிறந்த கதைகள். அவற்றை மனப்பாடம் செய்வது இன்னொரு பாடச் சுமை. கதை உங்கள் தெருவில் நடக்க வேண்டும்.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது, எட்டு முறை மறந்த அட்டையை அது தானாக ஒதுக்கிவிடுவது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் லீச், அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டை. அட்டையே அட்டையாகிவிடும் இந்த வேடிக்கை தமிழில் படிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் உபரி. முதலில் அந்த ஒதுக்கலை அவமானமாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திரும்ப உள்ளே இழுத்தேன். இப்போது போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். அவசியமான எழுத்தென்றால் வேறு சொல்லோடு சேர்ந்து தானே வந்துவிடும்.

நான் விழுந்த இடம் வேறு. செயலி முதலில் இருக்கும் நிலையில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டை தரும். நான் அதை அப்படியே விட்டேன். புதியது 20தான், ஆனால் பழையவை திரும்பி வருமே? மூன்றாம் மாதம் தினமும் 180 அட்டை நின்றது. ஒரு கல்யாணத்துக்காக மோல்மேன் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து திறந்தால் 943. இரவு மின்சாரம் இல்லை. போனில் சார்ஜ் 12 சதவீதம். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு செயலியை அழித்தேன். இரண்டு மாதம் ஜப்பானிய மொழி என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவில்லை. குற்றம் செயலியின் மேல் இல்லை. கடன் வாங்கும்போது வட்டியைக் கேட்காதவன் நான்.

திரும்பத் தொடங்கியபோது புதியவை 5, மொத்தம் 40 என்று வரம்பு போட்டேன். 2023-இல் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கீட்டு முறையையும் இயக்கினேன். எத்தனை சதவீதம் நினைவில் நின்றால் போதும் என்று அதில் நாமே சொல்லலாம். 90 என்று இருந்ததை 85 ஆக்கினேன். கொஞ்சம் கூடுதலாக மறக்கிறேன்; கணிசமாகக் குறைவாகப் படிக்கிறேன். தொடர்ந்து எத்தனை நாள் படித்தேன் என்று காட்டும் கணக்கைப் பார்ப்பதையும் நிறுத்தினேன். நூறு நாள் தொடர் அறுந்தால் நூற்றோராம் நாள் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. அந்த நோய் எனக்கு உண்டு. மின்வெட்டு நீளும் நாட்களுக்கு, பழைய காலண்டர் தாளைத் துண்டுகளாக வெட்டி ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பத்துத் துண்டு. அதற்கு ஊக்கம் தேவைப்படுவதில்லை. சும்மா இருப்பதைவிடச் சுவாரசியம், அவ்வளவே.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் ஐந்து நிலைகள். என்5 எளியது, என்1 கடினம். கீழ் நிலைகள் இரண்டையும் சிக்கலின்றித் தாண்டினேன். என்3-க்கு 180-இல் 95 எடுத்தால் போதும். நான் எடுத்தது 101, தோல்வி. மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 19 வேண்டும். எனக்குச் சொல்வளத்தில் 45, கேட்டலில் 39, வாசிப்பில் 17. அட்டை படித்தவனுக்கு எழுத்து தெரியும். பத்தி தெரியாது என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதன்பிறகு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகளை அச்செடுத்து, நாளுக்கு ஒன்று என்று படித்தேன். அடுத்த முறை வாசிப்பில் 31. ஆன்கி மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

போன மாதம் அப்பாயி தகரப் பெட்டியைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். 1942-இல் யாங்கோனுக்குள் வந்த ஜப்பானியர் அச்சடித்துப் புழங்கவிட்ட ரூபாய் நோட்டுகள். போர் முடிந்தபின் அவை வெறும் காகிதம். அவருடைய அப்பா எறிய மனமின்றி வைத்திருந்தாராம். "இதில் என்ன எழுதியிருக்கிறது, படி" என்றார். ஏழு எழுத்துகள். பெரிய, சூரியன், மூலம். அரசு என்பதன் இரண்டும் செய்தியில் தினமும் வருபவை. பேரரசைக் குறிக்கும் இரண்டில் பின்னது மட்டும் மசியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது நாடு என்ற எழுத்தின் பழைய வடிவம். போருக்குப் பின் சுருக்கி எழுதத் தொடங்கிவிட்டார்கள். என் அட்டைகளில் அது இல்லை.

"மகா ஜப்பானியப் பேரரசின் அரசாங்கம்" என்றேன்.

அப்பாயி நோட்டை வாங்கித் திரும்ப முடிந்துகொண்டார். "அது எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். இதற்கா மூன்று வருடம் கஞ்சி?"

காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து, அந்தப் பழைய எழுத்தை வரைந்து ரப்பர் வளையத்துக்குள் செருகி வைத்தேன்.